நெல்டா டாக்கெட்டின் கத்தியில் யார் பேர்?

“மூஞ்சி பூரா கரி, கையில சுத்தியல், உலைக்கு முன்னாடி நிக்கிறேன். உள்ள வர்றவன் என்னைப் பாத்து, வீட்டுக்காரர் இருக்காரான்னு கேக்குறான். நான் என்ன இங்க குளிர் காயவா நிக்கிறேன்?”

நெல்டா டாக்கெட் இதைச் சொல்லாத நாள் கிடையாது. பத்தொன்பது வருடமாக அவளுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிறேன், அதனால் கணக்கு எனக்குத் தெரியும். கத்திகளைப் பதப்படுத்தும் நாட்களில் அவள் சமையலறை ஓவனில் கத்திகள் இருக்கும், வேறு எதையும் வைக்க முடியாது. சோளரொட்டி மாவை இரும்புச் சட்டியோடு தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுவாள். ரொட்டி வேகிற இருபத்தைந்து நிமிடமும் இந்தப் புலம்பல்தான். நானும் ஆரம்பத்தில் ஆறுதல் சொன்னேன், அப்புறம் விட்டுவிட்டேன். ஏனென்றால் தப்பில் பாதி அவள் பேரில்.

நெல்டா கத்தி செய்ய வந்த கதை பெரிய கதை இல்லை. ஆர்கன்சாவில் இந்த மலைப் பக்கம் பிறந்த பெண்கள் போகிற இடத்துக்குத்தான் அவளும் போனாள், கோழி ஆலைக்கு. பதினோரு வருடம் வேலை வரிசையில் நின்று கோழிக்கு எலும்பெடுத்தாள். ஆலையில் கொடுக்கும் கத்தி மத்தியானத்துக்குள் மழுங்கிவிடும், மணிக்கட்டு வீங்கிவிடும். எரிச்சலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய அரம் ஒன்றை நெருப்பில் போட்டுத் தட்டித் தனக்கென்று ஒரு கத்தி செய்துகொண்டாள். முதல் கத்தி உடைந்தது. நாலாவது கத்தி நின்றது. வரிசையில் இருந்த மற்றப் பெண்களும் கேட்க ஆரம்பித்தார்கள்.

அவள் புருஷன் வெர்லின் கோடரிக்குப் பிடி செதுக்குகிறவன். கைவேலைக்காரன், அதில் குறை சொல்ல மாட்டேன். அவன் போட்ட பிடி கையில் உட்கார்ந்தால் கீழே வைக்க மனம் வராது. பேச்சும் இனிக்கும். அதனால் அடிப்பது, பதம் போடுவது நெல்டா, பிடி போடுவது, விற்பது வெர்லின் என்று ஆனது. முதல்முறை கத்திச் சந்தையில் மேஜை எடுத்தபோது பேர் கேட்டார்கள். வெர்லின் தன் பேரைச் சொன்னான். கத்தியில் அடிக்கும் முத்திரை அச்சும் அந்தப் பேரிலேயே வந்தது, “வி. டாக்கெட்” என்று. நெல்டா அன்றைக்கு, யார் பேர் இருந்தால் என்ன, நறுக்கினால் சரி என்று சொன்னாளாம். இருபத்திரண்டு வருடம் அந்த ஒரு வாக்கியத்துக்காகத் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

பதம் போடுவது என்றால் சும்மா இல்லை. கத்தியைச் சூடாக்கி எண்ணெயில் முக்கி எடுக்கும் வேலை அது. சூடு கொஞ்சம் குறைந்தால் கத்தி வெறும் தகடு. கூடினால் கண்ணாடி. நெல்டா பட்டறையின் இரண்டு கதவையும் சாத்துவாள், ஜன்னலில் கம்பளி தொங்கவிடுவாள், விளக்கை அணைத்துவிடுவாள். கும்மிருட்டில் எஃகின் நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பாள். சிவப்புக்குள்ளே ஒரு நிழல் ஓடி மறையுமாம். அது மறைந்து ஒரு மூச்சு விட்டதும் எண்ணெய்க்குள் இறக்க வேண்டும். அந்த நேரம் பேசினால் அடி விழும். வெர்லினுக்கு அந்த இருட்டும் புகையும் ஆகாது. ஆணி வாங்கணும், தபால் போடணும் என்று டவுனுக்குக் கிளம்பிவிடுவான். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவன் அந்த நிழலைப் பார்த்ததில்லை.

இந்த வசந்தத்தில் டிவிக்காரர்களிடமிருந்து கடிதம் வந்தது. கத்தி அடிக்கும் போட்டி, எல்லோரும் பார்ப்பதுதான். நாலு பேர், மூன்று மணி நேரம், கத்தியை எலும்பிலும் பனிக்கட்டியிலும் போட்டு அடித்து உடைத்துப் பார்ப்பார்கள். நெல்டா ஒரு வாரம்கூட விடாமல் பார்ப்பாள், பார்த்துக்கொண்டே திரையைத் திட்டுவாள். எண்ணெயில் இறக்க அவசரப்படுகிறவனைக் கண்டால் சோபாவில் குத்துவாள். அங்கே நின்றால் நான் என்ன செய்வேன் என்று என்னிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறாள். அதனால் கடிதத்தைப் பார்த்ததும் நம்மைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அவள் என் வீட்டுக்கு ஓடி வந்தாள். கடிதத்தை நான் வாங்கிப் படித்தேன். மேலே “திரு. வி. டாக்கெட் அவர்களுக்கு” என்று இருந்தது. கத்தியில் அந்தப் பேர்தானே இருக்கிறது.

வெர்லின் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. போட்டிக்கு ஒரு ஆள்தான், கூப்பிட்டது என்னை, நான் என்ன பண்ண என்றான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் போதகர் மேடையிலிருந்தே அறிவித்தார், நம் சகோதரர் வெர்லின் டிவியில் வரப்போகிறார் என்று. கைதட்டினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நெல்டாவின் தோளையும் நாலு பேர் தட்டிக்கொடுத்தார்கள். அவளும் சிரித்தாள்.

டிவிக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். தன் கையால் ஒரு கத்தியை முதலிலிருந்து கடைசி வரை செய்து, வீடியோ எடுத்து வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். வெர்லினின் சித்தப்பா மகன் டாயில், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன், போனை எடுத்துக்கொண்டு புதன்கிழமை வந்தான். பட்டறைக்குள் இருட்டாக இருக்கிறது, படம் விழாது என்றான். இரண்டு பேருமாகச் சின்ன உலையை முற்றத்துக்கு இழுத்து வந்தார்கள். நடு மத்தியானம், பளீரென்று வெயில்.

நெல்டா வேலி ஓரம் அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே ஒரே ஒரு தடவை சொன்னாள்.

“வெர்லின், வெயில்ல நிறம் தெரியாது. உள்ள எடுத்துட்டுப் போ.”

“இத்தனை வருஷமா இதுக்குள்ளதானே கிடக்கேன். எனக்குத் தெரியாதா?”

அவள் அவரைக்காய்க்குத் திரும்பிவிட்டாள். வெயிலில் எஃகு எவ்வளவு சூடானாலும் மங்கலாகத்தான் தெரியும். இவன் போதவில்லை போதவில்லை என்று சூட்டை ஏற்றிக்கொண்டே போனான். பிறகு எண்ணெயில் முக்கினான். அரம் வைத்துப் பார்த்தான், அரம் வழுக்கியது. கெட்டியாகிவிட்டது என்று ஒரே சந்தோஷம். அன்று சாயந்திரம் விறைப்பு குறைய நெல்டாவின் ஓவனில் வைத்து எடுத்துப் பிடியும் போட்டுவிட்டான். பிடி என்னவோ அழகுதான்.

மறுநாள் காலையில் மான் கொம்பை வெட்டிக் காட்டும் படம். என் சட்டி அவளிடம் மாட்டிக்கொண்டிருந்தது, அதை வாங்கப் போனவள் நின்று பார்த்தேன். முதல் வெட்டு விழுந்தது. இரண்டாவது வெட்டில் கத்தி பாதியாகப் போனது. முனைத்துண்டு பறந்துபோய் நெல்டாவின் தக்காளிச் செடியில் விழுந்தது. அவள் எடுத்து வந்து உடைந்த இடத்தை எனக்குக் காட்டினாள். நல்ல கத்தி உடைந்தால் உள்ளே மைதா மாதிரி நைசாக இருக்கும். இது ரவை. உப்புமா கிண்டலாம்.

டாயில் போனை நிறுத்தினான். வெர்லின் தலையைச் சொறிந்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டான், உப்பு எடுத்துக் கொடு என்கிற மாதிரி.

“நெல்டா, உன்னோடது ஒண்ணை எடுத்துக் குடு. வெட்டுறது மட்டும் அதுல எடுத்துக்கலாம். பிடி நான் போட்டது, பேரும் என் பேருதான். யாருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியும். டாயிலுக்குத் தெரியும்.” என்னைக் கை காட்டினாள். “இவளுக்கும் தெரியும். இவ ஒருத்தி போதும், ஊருக்கே தெரிஞ்சிரும்.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் உண்மைதான், மறுக்க முடியாது.

அவள் பட்டறைக்குள் போனாள். இழுப்பறையைத் திறந்தாள். “வி. டாக்கெட்” என்று இருந்த முத்திரை அச்சை எடுத்து, பெரிய உலையில் போட்டாள். கதவெல்லாம் விரியத் திறந்து கிடந்தது, இதற்கு இருட்டு வேண்டாம். சிவந்ததும் இடுக்கியால் பிடித்துப் பட்டடையில் வைத்து அடித்தாள். எட்டு அடியோ பத்து அடியோ. எழுத்து போய், உருவம் போய், தோசைக்கரண்டி நுனி மாதிரி தட்டையானது. வெர்லின் வாசலில் நின்றான். டாயிலுக்கு அன்றைக்கு பஸ் நேரம் சீக்கிரமே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை டிவியிலிருந்து ஆஷ்லின் என்று ஒரு பெண் போன் செய்தாள், வீடியோ வரவில்லையே என்று. எடுத்தது நெல்டா. முழுக் கதையையும் மறைக்காமல் சொன்னாள், அந்தக் கத்திகள் எல்லாம் நான் செய்தவை என்றும் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு ஏகக் கொண்டாட்டம். இது நல்ல கதை மேடம், இரண்டு பேரும் வாங்க, அவர் போட்டியில் நிற்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று இத்தனை வருடமாக மறைத்துவிட்டார் என்று கொஞ்சம் அழுதால் போதும் என்றாளாம். நெல்டா தன் தரப்பைச் சுருக்கமாக முடித்தாள்.

“அழுறதுக்கு நான் வரல. உலைக்கு முன்னாடி நிக்கிறதுன்னா சொல்லு, வர்றேன்.”

தாராளமாக, அடுத்த முறை உங்கள் பேரில் எழுதிப் போடுங்கள் என்றாள் ஆஷ்லின். உங்கள் பேர் பொறித்த மூன்று கத்திகளின் படம் வேண்டும், அது மட்டும் போதும் என்றாள். நெல்டா போனை வைத்துவிட்டு என் வீட்டுக்கு வந்தாள். கையில் மாவும் இல்லை, சட்டியும் இல்லை. இரண்டாயிரம் கத்திக்கு மேலே செய்தவள், தன் பேர் போட்ட கத்தி மூன்று கேட்டதற்கு ஒன்றுகூட இல்லை. அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். எந்த டிவிக்காரியும் பார்க்கவில்லை, நல்ல வேளை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வெர்லின் எழுந்து நின்றான். போட்டிக்குப் போகவில்லை, முதுகு வலி, மன்னிக்கணும் என்றான். எல்லோரும் ‘ச்சு’ கொட்டினார்கள். நெல்டாவும் எழுந்தாள்.

“முதுகு நல்லாத்தான் இருக்கு. வெயில்ல எஃகைக் கருக்கிட்டாரு. அந்த வேலை அவருக்குத் தெரியாது. இந்த ஊர்ல இருக்கிற டாக்கெட் கத்தி அத்தனையும் நான் அடிச்சது, நான் பதம் போட்டது.”

பின்வரிசையில் ஹாய்ட் கிழவர், மான் வேட்டைக்குப் போகிறவர், மெல்லக் கேட்டார்.

“என்னோட தோலுரிக்கிற கத்தியுமா?”

“அதுவுந்தான். வீட்டுக்காரர் இருக்காரான்னு கேட்டுட்டு, அவர் இல்லைன்னு நான் சொன்னதும் திரும்பிப் போனீங்களே. உங்க கத்தி அப்ப என் கையிலதான் இருந்தது.”

போதகர் அவசரமாகப் பாட்டுப் புத்தகத்தைத் திறக்கச் சொன்னார். வெர்லின் காதுவரை சிவந்து உட்கார்ந்திருந்தான். ஒன்பது நாள் முகம் கொடுக்கவில்லை. பத்தாம் நாள் நெல்டா சொல்லிவைத்திருந்த புது அச்சு தபாலில் வந்தது, “என். டாக்கெட்” என்று. கத்திகளில் இரண்டு விதமான பேர் இருந்தால் வாங்குகிறவர்கள் குழம்பிவிடுவார்கள் என்று வெர்லின் முனகினான். குழம்பட்டும் என்றாள் நெல்டா. பழைய அச்சுதான் போய்விட்டதே, இனி ஒரு பேர்தான் இருக்கப்போகிறது, அவன்தான் இன்னும் எண்ணிக்கை தெரியாமல் நிற்கிறான் என்று என்னிடம் சொன்னாள்.

இப்போது பதம் போடும் நாட்களில் வெர்லினும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நிற்கிறான். இருமிக்கொண்டுதான் நிற்கிறான். நிழல் தெரிந்ததா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றான். பொய் சொல்லாததே பெரிது. டிவிக்கு எழுதிப்போடுவதா வேண்டாமா என்று நெல்டா இன்னும் முடிவு செய்யவில்லை. அந்த வெளிச்சத்தில் எஃகின் நிறத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் அவள் யோசனை. பெரிய குழாய் ஒன்றை உலை வாயில் சொருகி, அதற்குள் இருட்டாக்கிப் பார்க்க முடியுமா என்று பழகிக்கொண்டிருக்கிறாள்.

புதுப் பேர் அடித்த கத்திகளை அக்டோபர் முதல் சனிக்கிழமை சந்தைத் திடலில் முதன்முதலாக வைக்கிறாள். ஊரிலிருந்து வந்து டாலஸிலும் துல்சாவிலும் பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து சலித்துப்போயிருக்கிறவர்கள் பிள்ளையை நச்சரித்துக் காரில் கிளம்பி வாருங்கள். நுழைந்ததும் இடது பக்கம் இரண்டாவது கொட்டகை, கெளுத்தி மீன் பொரிக்கிற கடைக்கு எதிரே. குட்டையாக, நரைத்த சடையோடு, தோல் ஏப்ரன் கட்டிக்கொண்டு ஒருத்தி நிற்பாள். கத்தியைக் கையில் எடுத்துப் பாருங்கள், கேட்க வேண்டியதை எல்லாம் அவளிடமே கேளுங்கள். வாங்காவிட்டாலும் பரவாயில்லை, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.