மண்மேட்டடியில் அண்ணி போட்ட சத்தம்

"சித்தப்பா, அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க" என்று செஞ்சியிலிருந்து அண்ணன் மகள் தொலைபேசியில் சொன்னபோது, அழுகைக்கு முன்னால் நிம்மதிப் பெருமூச்சுதான் வந்தது. படுக்கையில் கிடந்து பிறரைப் படுத்திவிடக் கூடாது என்பதே அஞ்சலை அண்ணிக்குக் கடைசி வரை இருந்த ஒரே பயம். அது நடக்கவில்லை. அப்பாடா!

அறுபதுகளின் தொடக்கத்தில் வல்லம் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தவர் அவர். பிறந்த வீட்டில் கிணறு வெட்டுவது தொழில். மாமனார் எதிரில் மருமகள் பேசக் கூடாது என்பது அன்றைய வழக்கம். நைனா, அதாவது என் அப்பா, நான்கடி தள்ளி உட்கார்ந்திருப்பார். அண்ணி கதவுக்குப் பின்னால் நின்று, "தம்பி, மாமாவுக்கு சோறு ஆயிடுச்சுன்னு சொல்லு" என்பார். நைனா காதிலேயே விழாதது போல இருப்பார். நான் திருப்பிச் சொன்ன பிறகுதான் எழுந்திருப்பார். "கொழம்புல காரம் தூக்கலா இருக்குதுன்னு சொல்லுடா" என்று பதிலும் என் வழியாகவே போகும். இருபது வயது ஆம்பிளைக்கு இது ஒரு பிழைப்பா என்று எரிச்சலாக வரும்.

மறு வருஷம் மாசி மகத்துக்குக் கடலாடப் புதுச்சேரி போனோம். குளித்துவிட்டுக் கரையோரமாக வடக்கே வெகுதூரம் நடந்தோம். அங்கே கடலைப் பார்த்தபடி ஒரு மண்மேடு செங்குத்தாக நின்றது. அடியில் வெள்ளை, நடுவில் மஞ்சள், மேலே குங்குமச் சிவப்பு. அப்படியொரு அழகு! செஞ்சிக்காரன் மேட்டைக் கண்டால் சும்மா இருப்பானா? ராஜகிரிக் கோட்டை மலையில் ஏறி வளர்ந்த கால்கள். எங்கள் ஊர்ப் பாறை யார் ஏறினாலும் அசையாது. எல்லா மேடும் அப்படித்தான் என்று நினைத்து ஏறினேன், மடையன்.

இரண்டாள் உயரம் போனதும் காலடி மண் பொலபொலவென்று சரிந்தது. கைகளால் தொங்கினேன்.

"விடாதடா! மேல ஏறு!" என்று கீழிருந்து நைனா கத்தினார். அண்ணனும் அதையே கத்தினார்.

அண்ணி மட்டும் என் தலைக்கு மேலே பார்த்திருக்கிறார். அங்கே ஒரு வெடிப்பு. அதிலிருந்து மண் மெல்ல உதிர்ந்துகொண்டிருந்தது. கிணற்றுக்குள் அப்படி உதிர்ந்தால் சுவர் விழப்போகிறது என்று அவர்கள் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். நைனாவை நிறுத்தியாக வேண்டும். எடுத்துச் சொல்லும் ஆளோ மேலே தொங்குகிறான்.

"மாமா, கொஞ்சம் சும்மா இருங்க!"

அலைச் சத்தத்தையும் மீறி வந்தது அந்தக் குரல்.

"தம்பி, மேல போவாத, மண்ணு மூடிடும்! கைய விட்டுடு. வயித்த ஒட்டிக்கினு அப்படியே சறுக்கி வா!"

விட்டேன். வயிறெல்லாம் தேய வந்து விழுந்தேன். அண்ணி என் கையைப் பிடித்துக் கடல் பக்கம் இழுத்த இழுப்பில் தோள்பட்டையே கழன்றுவிடும் போலிருந்தது. முதுகுக்குப் பின்னால் தொம்மென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால், நான் தொங்கிய இடத்தில் சுவரே இல்லை.

நைனா என் தலையைத் தடவித் தடவி அழுதார். பிறகு, முதன்முறையாக அண்ணியை நேராகப் பார்த்துக் கேட்டார்:

"ஏம்மா, இம்மாம் பெரிய குரல எங்க வச்சிருந்த?"

அண்ணி பழக்கத்தில் என் பக்கம் திரும்பினார். "தம்பி, மாமாகிட்ட..." என்று தொடங்கியவர், மண் அப்பிய என் மூஞ்சியைப் பார்த்துச் சிரித்துவிட்டார். பிறகு நைனாவிடமே சொன்னார்:

"வூட்லதான் மாமா இருந்துச்சு. நீங்கதான் கேக்கல."

அண்ணி, நீங்கள் மீட்டுக் கொடுத்த ஆயுளில் நான் பேரப்பிள்ளைகளையும் பார்த்துவிட்டேன். மாமனார் எதிரில் வாய்விட்டுச் சிரித்தபடி, ஈரச் சேலையோடு அந்தக் கரையில் நிற்கிறீர்களே, அந்த உங்களைத்தான் இன்று வழியனுப்புகிறேன். நிம்மதியாகப் போய் வாருங்கள்.