கையால் மூடிய பத்தி

எங்கள் கம்பெனிக்குத் தரம் பார்க்க ஆடிட் வருகிறது என்றால் ஒரு வாரம் முன்பே திருவிழாதான். தரையில் மஞ்சள் கோடு புதிதாகப் பளபளக்கும். எண்ணெய்த் துணிகள் மாயமாய் மறையும். ஆடிட்டர் என்ன கேட்பார், அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று மெஷினில் நிற்பவர்களை மனப்பாடம் செய்ய வைப்போம். மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் பதினாறு வருஷமாக க்வாலிட்டி பார்க்கிறேன். இந்த வித்தையில் நான் கில்லாடி. அந்தக் கில்லாடித்தனத்தால்தான் என் மகளின் டெஸ்ட்டை நானே கெடுத்தேன்.

அவள் அப்போது ஒன்பதாவது. பேச விட்டால் ஊரையே விற்றுவிடுவாள். பேப்பரைக் கொடுத்தால் கால் பக்கம் எழுதுவதற்குள் மணி அடித்துவிடும், எழுதியதிலும் பாதி எழுத்து இடம் மாறியிருக்கும். சோம்பேறி என்று நான் தினமும் கத்துவேன். அவளுடைய வகுப்பு டீச்சர்தான் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். பொத்தேரிப் பக்கம் ஒரு சென்டர் இருக்கிறதாம். படிக்க, எழுதச் சிரமப்படும் பிள்ளைகளுக்கு அங்கே டெஸ்ட் எடுப்பார்களாம். குறை இருப்பது உண்மை என்று அவர்கள் ரிப்போர்ட் தந்தால், பத்தாவது பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரமும், அவள் சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆளும் கேட்டு வாங்கலாம். இல்லாவிட்டால் பத்தாவது தாண்டுவது சந்தேகம்தான் என்றார்.

அவ்வளவு சொல்லியும் என் காதில் விழுந்தது டெஸ்ட் என்ற ஒரு வார்த்தைதான். டெஸ்ட் என்றால் பாஸாக வேண்டும். ஃபெயிலானால் மூளையில்லாத பெண் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்களோ என்று எனக்கு உள்ளூர பயம். கூட வேலை செய்யும் ஒருவரின் மகளுக்கு அங்கேதான் டெஸ்ட் நடந்திருந்தது. வாசிக்கக் கொடுத்த பத்தியை அந்தப் பெண்ணின் அம்மா யாருக்கும் தெரியாமல் போனில் படம் பிடித்து வைத்திருந்தார். கம்பெனி பஸ்ஸில் வீடு திரும்பும்போதே அது எனக்கு வாட்ஸ்ஆப்பில் வந்துவிட்டது. ஏரிக்குத் தண்ணீர் வருவதைப் பற்றிப் பதினைந்து வரி.

போனை மகளிடம் கொடுத்து, படித்துப் பழகு, டெஸ்ட்டில் பாஸானால் மாமல்லபுரம் கூட்டிப் போகிறேன் என்றேன். இரண்டாம் நாளே பிசிறில்லாமல் ஒப்பித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா, படிச்சா வருதில்ல? இத்தினி நாளா இன்னா பண்ணிகினு இருந்தே?"

என் மனைவி அடுப்படியிலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். அது என்ன பார்வை என்று நான் கேட்கவில்லை.

டெஸ்ட் அன்று லீவு போட்டுவிட்டு, செங்கல்பட்டில் ரயிலேறி அவளை அழைத்துப் போனேன். அறைக்கு வெளியே எனக்கு நாற்காலி. கதவில் கண்ணாடி இருந்தது, உள்ளே பேசுவதும் லேசாகக் கேட்டது. எண்களைத் தலைகீழாகச் சொல்வது, கட்டைகளை அடுக்குவது எல்லாம் முடிந்து வாசிக்கும் நேரம் வந்தது. டெஸ்ட் எடுத்த மேடம் தாளை நீட்டினார். முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது, அதே ஏரிதான். என் மகள் மளமளவென்று சொல்லிக்கொண்டே போனாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பாதியில் அந்த மேடம் தாளின் மேல் தன் கையை விரித்து வைத்தார். எழுத்து முழுக்க மறைந்துபோனது. என் மகள் நிறுத்தவே இல்லை. கடைசி வரி வரை சொல்லிவிட்டுத்தான் மூச்சு விட்டாள்.

என்னை உள்ளே கூப்பிட்டார்கள். கோபத்தோடுதான் போனேன்.

"இன்னா மேடம், தப்பில்லாம படிச்சா அதுவும் தப்பா?"

"சார், இந்த மார்க்கை வச்சு ரிப்போர்ட் எழுதினா, இவளுக்கு ஒரு குறையும் இல்லைன்னு ஆயிடும். பரீட்சையில ஒரு நிமிஷம்கூட அதிகமா தர மாட்டாங்க. பரவாயில்லையா?" என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "எத்தனை தடவை படிச்சேம்மா?" என்று கேட்டார்.

"நான் படிக்கவே இல்ல மேடம். அம்மாவ ரெண்டு தடவ படிக்கச் சொல்லிக் கேட்டேன்."

பதினைந்து வரி, இரண்டே தடவை. ஒன்பதாவது வரை அவள் வந்து சேர்ந்தது காதை மட்டும் நம்பித்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவளையா சோம்பேறி என்றேன்? வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடு ஒரு பெருமையும் வந்தது, அதையும் மறைப்பானேன்.

மூன்று வாரம் கழித்து வேறு பத்தியோடு மறுபடி டெஸ்ட் வைத்தார். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. இந்த முறை கதவு சரியாகச் சாத்தவில்லை, எல்லாம் தெளிவாகக் கேட்டது. ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவி, ஒரு வரியை விட்டு இன்னொரு வரிக்குத் தாவி, திரும்ப வந்து, திணறினாள். அந்தத் தப்பெல்லாம் அவளுக்கு வேண்டியவை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எழுந்துபோய்ச் சொல்லிக் கொடுத்துவிடுவேனோ என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்தவள், "இன்னிக்கு நெறைய தப்பு பண்ணேன்ப்பா" என்றாள்.

"வா, மாமல்லபுரம் போலாம்."

"ஃபெயிலானதுக்கா?"

"அதுக்குத்தான்."

அலையில் நன்றாக நனைந்துவிட்டு, வறுத்த வஞ்சிரம் தின்றுவிட்டு வந்தோம். பிறகு ரிப்போர்ட் வந்தது, சர்ட்டிஃபிகேட்டுக்காக அரசு ஆஸ்பத்திரிக்கு அலைந்தோம், அனுமதியும் கிடைத்தது. பாடங்களை அவள் அம்மாவும் நானும் மாறி மாறிப் படித்துக் காட்டினோம். நான் தப்பாக உச்சரித்தால் கேலி செய்வாள்.

இந்த வருஷம் பத்தாவது தேர்வு. முதல் நாள் பள்ளி வாசலில் மற்ற பெற்றோர்களோடு நின்றேன். மணி அடித்து மற்ற பிள்ளைகளெல்லாம் வந்து, கூட்டம் கலைந்தது. பக்கத்தில் நின்றவர் தன் மகளை வண்டியில் ஏற்றிக்கொண்டே கேட்டார்.

"இன்னா சார், உங்க பொண்ணு இன்னும் வரல?"

முன்பென்றால் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன்.

"அவளுக்கு இன்னும் ஒரு மணி நேரம் கீதுங்க" என்று சொல்லிவிட்டு, எதிர்க்கடையில் டீ வாங்கி நிதானமாகக் குடித்தேன்.