பத்தடி தள்ளி நிற்கணும்

அந்தப் பெண் மேடையேறி, "ஹாய் குட்டீஸ்!" என்று இரண்டு கையையும் ஆட்டியதும் பள்ளிக்கூடமே ஒரே குரலில் "ஹாய் அக்கா!" என்று கத்தியது. எனக்கு வயிறு எரிந்தது. எட்டு வருஷம் அதே மேடையில் நின்றவள் நான். என்னை ஒரு பிள்ளைகூட அக்கா என்று கூப்பிட்டதில்லை. 'கரண்டு டீச்சர்' என்பார்கள், அதையும் கையைக் கட்டிக்கொண்டு சொல்வார்கள்.

விஷயம் இதுதான். மின்சாரத்தில் எப்படி ஜாக்கிரதையாக இருப்பது என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் வேலையை மின்துறை வெளியாட்களுக்கு ஒப்பந்தத்தில் கொடுக்கும். பாபநாசத்திலிருந்து வலங்கைமான் வரைக்கும் இருந்த பள்ளிக்கூடங்கள் எட்டு வருஷமாக என் கையில் இருந்தன. இந்த வருஷம் திருச்சியிலிருந்து ஒரு கம்பெனி வந்து அதைத் தட்டிக்கொண்டு போய்விட்டது. தகவல் சொன்ன அலுவலர், "நீங்க நல்லாத்தாம்மா பண்ணீங்க. ஆனா அவங்க பிரசன்டேஷன் வேற லெவல்" என்றார். வேற லெவலாம்! அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் பிரசன்டேஷன் ஒரு பிளாஸ்டிக் டிரே. அதில் களிமண்ணால் நாலு வயல் கட்டுவேன். நடுவே வரப்பு, வரப்பில் தண்ணீர் போக மடை. உப்புத் தண்ணீர் ஊற்றி, கோரைப்புல்லைக் கிள்ளி நாற்று மாதிரி நடுவேன். பேட்டரி ஒயரை இந்த மூலை வயலில் போட்டால், அந்த மூலை வயலில் சொருகிய பஸ்ஸர் கீச்சென்று அலறும். முன்வரிசைப் பிள்ளைகளுக்குத் தூக்கிவாரிப்போடும். சம்பா நட்டதிலிருந்து எங்கள் பக்கம் வயலெல்லாம் தண்ணீர் நிற்கும். அறுந்த கம்பி ஒரு வயலில் கிடந்தால் மடை வழியாக அடுத்த வயல் தண்ணீரிலும் கரண்ட் வரும். பிள்ளைகளோ பள்ளிக்கூடத்துக்குக் குறுக்குவழி என்று அந்த ஈர வரப்பில்தான் நடக்கிறார்கள். "கம்பி அறுந்திருந்தா வரப்புலயே எறங்காத. ரோட்டுல நின்னு கத்து." எட்டு வருஷமும் நான் சொன்னதைப் பிழிந்தால் இந்த ஒரு வரிதான் மிஞ்சும்.

புதுக் கம்பெனியின் முதல் நிகழ்ச்சிக்கு அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை என்னையும் கூப்பிட்டிருந்தார், மரியாதைக்கு. நான் போயிருக்கக் கூடாது. கம்பெனி அனுப்புகிற பெண் சொதப்புவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன்.

அவள் சொதப்பவில்லை. குண்டு பல்பு மாதிரி மஞ்சள் உடுப்பு போட்டிருந்தாள். கையில் ஒரு பொம்மை அணில், அது டிரான்ஸ்ஃபார்மரில் ஏறி வாங்கிக் கட்டிக்கொள்கிற கதை. என் வகுப்பில் போன வருஷம் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த பெண்ணொருத்தி இப்போது பெஞ்சின்மேல் ஏறி நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள். துரோகி, என்று அந்தப் பன்னிரண்டு வயதுக் குழந்தையை மனசுக்குள் திட்டினேன். திட்டினேன் என்ன, சபித்தேன்.

கடைசியில் அணில் கேட்டது: "கம்பி அறுந்து கீழ கிடந்தா எத்தனை அடி தள்ளி நிக்கணும்?"

"பத்தடி!" பிள்ளைகள் கத்தியதில் கூரையே அதிர்ந்தது.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பத்தடியா? மேட்டு நிலத்தில் அது சரியோ தப்போ எனக்குத் தெரியாது. எங்கள் வயல் தண்ணீருக்கு அடிக்கணக்கு கிடையாது. அதைக் கேட்டதும் எனக்குப் பயம்தானே வந்திருக்க வேண்டும்? வந்தது சந்தோஷம். மாட்டினியாடி, என்று உள்ளுக்குள் குதித்தேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் தலைமையாசிரியை ஆவலோடு கேட்டார், "எப்படிங்க இருந்துச்சு?"

"பிரமாதம்ங்க. ஒரு குறையும் சொல்ல முடியாது" என்றேன்.

நாலைந்து நாள் கழித்து அவளே என் வீட்டுக்கு வந்தாள். அந்தப் பல்பு உடுப்பு இல்லாமல் சாதாரணமாக இருந்தாள், கன்னத்தில் பரு, தோளில் கிழிந்த பை. அழகாக இருந்திருந்தால்கூட எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"எந்த ஸ்கூலுக்குப் போனாலும் பிள்ளைங்க உங்க டிரேயைப் பத்தித்தான்க்கா கேக்குறாங்க. வயல் மாதிரியே இருக்குமாமே? ஒரு தடவை காட்டுறீங்களா?"

பிள்ளைகள் கேட்டார்களாம்! குளிர்ந்துவிட்டது எனக்கு. அந்தக் குளிர்ச்சியில் எழுந்துபோய்க் காட்டியிருக்கலாம். டிரே அடுத்த அறையில் கட்டிலுக்கடியில்தான் கிடந்தது.

"அது உடைஞ்சு போச்சும்மா. தூக்கிப் போட்டுட்டேன்."

"அச்சச்சோ" என்றாள், நிஜமாகவே வருத்தப்பட்டாள். "நான் இந்தப் பக்கத்துக்குப் புதுசுக்கா. நான் சொல்றதுல ஏதாச்சும் விட்டுப்போச்சா? நீங்கதான் சொல்லணும்."

"ஒண்ணும் விடலையே. நல்லாத்தான் இருக்கு" என்று காபியை நீட்டினேன். என் காபியைக் குடித்துவிட்டு, "சூப்பர்க்கா" என்று அதற்கும் ஒரு பாராட்டு சொல்லிவிட்டுப் போனாள்.

எல்லாவற்றையும் உள்ளிருந்து கேட்ட என் கணவர், "அந்த வயல் தண்ணி விஷயத்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"ஏன், நான் எட்டு வருஷம் வெயில்ல அலைஞ்சு கத்துக்கிட்டதை அவளுக்குத் தட்டுல வச்சுக் குடுக்கணுமா? வேற லெவல்தானே, தானே கண்டுபிடிக்கட்டும்."

"அவளுக்கு இல்ல. பிள்ளைங்களுக்கு" என்றார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை.

கார்த்திகை பிறந்து மழை பிடித்துக்கொண்டது. ஒரு விடிகாலை காற்றும் சேர்ந்து அடித்தது. பத்தரை மணிக்குத் தலைமையாசிரியையின் போன். 

"நம்ம ஸ்கூலுக்கு வர்ற குறுக்குவழில லைன் அறுந்து விழுந்துடுச்சுங்க. நாலு பொண்ணுங்க சைக்கிளத் தள்ளிக்கிட்டு அந்த வரப்புக்கே வந்துடுச்சுங்க."

 பத்தடி, பத்தடி என்று என் காதுக்குள் பிள்ளைகள் கத்தினார்கள்.

"கம்பி ரெண்டு வயல் தள்ளித்தான் கிடந்துச்சு. ஆனா அதுங்க எறங்கலைங்க. ரோட்டுலயே நின்னு கத்தி, வர்றவங்களையெல்லாம் நிறுத்தி, லைன்மேன் வர்ற வரைக்கும் ஒருத்தரையும் விடல. அடுத்த வயல் தண்ணியிலயும் கரண்ட் இருந்துச்சாம்."

அப்பாடா என்று நாற்காலியில் விழுந்தேன். அந்த மூச்சு முழுசாக வெளியே வருவதற்குள் பெருமை வந்துவிட்டது. 'ரோட்டுல நின்னு கத்து.' என் வரி! டெண்டர் போனால் என்ன, என் வரி போகவில்லையே.

"பழைய பிள்ளைங்கதானே? மறக்கலை பாருங்க" என்றேன்.

"இல்லங்க, இந்த வருஷம் சேந்த ஆறாங்கிளாஸ். அந்தப் புதுக் கம்பெனிப் பொண்ணு போன வாரம் தானா மறுபடி வந்துச்சுங்க. லைன்மேன்கிட்டயும் நடவுக்குப் போற பொம்பளைங்ககிட்டயும் விசாரிச்சிருக்கு. பிள்ளைங்கள ரோட்டோரமா கூட்டிட்டுப் போய் நிக்கவச்சு, 'பத்தடின்னு நான் சொன்னது தப்பு, அக்காவ மன்னிச்சுக்கங்க'ன்னு சொல்லிட்டு, மடையெல்லாம் காட்டிப் புதுசா சொல்லிக் குடுத்துச்சு."

நாலு பெண்கள் உயிரோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதைக் கேட்ட பிறகும் எனக்கு வந்தது ஏமாற்றம். என்னால் பிழைக்கவில்லையே என்கிற ஏமாற்றம். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் அன்றைக்கு அதுதான் வந்தது.

தலைமையாசிரியை பேசிக்கொண்டே போனவர் சட்டென்று நிறுத்தினார். அவர் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை, யோசனைதான் இருந்தது.

"ஏங்க, அன்னைக்கு நீங்களும் எங்க கூடத்தானே உக்காந்திருந்தீங்க? அந்தப் பொண்ணு பத்தடின்னு சொன்னப்ப உங்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?"

டிரே உடைந்துபோயிற்று என்று சொன்ன வாய்தானே, இன்னொரு பொய்க்கா பஞ்சம்? ஆனால் வரவில்லை.

"தெரியும்ங்க" என்றேன்.

  "அந்த நாலுல ஒண்ணு என் தங்கச்சி பொண்ணுங்க" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.