ஃபேன் சுத்துது, படம் வரல்ல

பழைய சாமான்களைப் பொறுக்கி கேம் விளையாடக் கொம்பியூட்டர் பூட்டுவது ஒரு தொழில் என்றால், அதில் கிடைக்கிற சம்பளம் குழப்பம். என்னைப்போல் நொந்த சகோதரங்களே, இந்தக் கதையில் வயிறு நோகச் சிரிக்க ஒரு இடம் இருக்கிறது. இப்போது சொல்லமாட்டேன். நாங்கள் பட்ட பாட்டில் கொஞ்சத்தை நீங்களும் படவேண்டாமா?

வெளிப்பெட்டி

நானும் கூட்டாளி கஜனும் களுதாவளை ஊர்ப் பொடியன்கள். புதிது வாங்க இரண்டு வீட்டிலும் வழியில்லை. துண்டு துண்டாகச் சேர்த்தோம். வெளிப்பெட்டி, இழுத்து மூடிய ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் கிடைத்தது. கஜன் வீட்டில் வைத்துத் திறந்தால் உள்ளே பல்லி முட்டைகள். கஜனின் அம்மா, எனக்கு மாமி, எட்டிப் பார்த்தார்: "மனே, இதுக்குள்ள விளையாடப்போறது நீங்களா, பல்லியா?"

கம்பஸ் அண்ணன்

கிராபிக்ஸ் கார்ட்தான் கேமுக்கு உயிர். படம் வரைந்து தருவது அது. வந்தாறுமூலைக் கம்பஸில் படிப்பு முடிந்து மூட்டை கட்டிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துத் துலக்சன் அண்ணன் அதையும் மதர்போர்ட்டையும் தந்தார். ஒவ்வொரு வசனத்துக்கும் "விளங்குதோ?" என்று வால் வைப்பார். விளங்காமலே தலையாட்டினோம். எனக்குப் பிடிபட்டது அவர் குரல் மட்டும்.

திரும்பும்போது பஸ்சில் அதே குரலை எடுத்துவிட்டேன்: "ஐயா, களுதாவளையில இறக்கிவிடும், விளங்குதோ?" கொண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்: "ஏறக்குள்ள நீ இந்த ஊர்ப் பொடியனாத்தானே இருந்த?"

மாமியின் டீவி

மொனிட்டர் இல்லை. மாமியின் டீவியைக் கெஞ்சி வாங்கினோம். நிபந்தனையோடுதான் தந்தார். விளக்கு வைக்கிற நேரம் அவருடைய நாடகம். அதற்குள் படம் வந்தால், நாடகம் முடிந்தபிறகு தினமும் டீவி எங்களுக்கு. வராவிட்டால் பெட்டி பழைய இரும்புக்காரனுக்கு.

பூட்டினோம். சுவிட்சைப் போட்டோம். ஃபேன் சுற்றியது, லைட் எரிந்தது, டீவி மட்டும் கறுப்பு. நினைவு வைக்கிற ரெம்மைக் கழற்றிப் பூட்டினோம். கறுப்பு. வேறு வயர் கொண்டுவந்தோம். அதுவும் கறுப்பு. எது பிழை, எது சரி, எதை எங்கே கழற்றினோம் என்பதே மறந்துபோனது. மாமி கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்: "இந்தக் கறுப்பப் பாக்கவாடா என்ட டீவியக் கேட்ட நீங்க?"

வடக்கே பார்த்த கொம்பியூட்டர்

அண்ணனின் நம்பர் என் போனில் மட்டும்தான். "படம் வரல்ல, இந்த நம்பருக்கு எடுங்க" என்று கஜனின் நம்பரை அனுப்பிவிட்டுச் சாப்பிட வீட்டுக்குப் போனேன். வாய் சும்மா இருந்தால்தானே. சித்தப்பாவின் போனை வாங்கி, அண்ணனின் குரலில் நானே கஜனுக்குக் கோல் எடுத்தேன். "தம்பி கஜன், துலக்சன் கதைக்கிறன். பெட்டியை வடக்கே பாக்கத் திருப்பும். மூச்சைப் பிடிச்சுக்கொண்டு சுவிட்சைப் போடும், விளங்குதோ?"

அந்தப் பக்கம் பெட்டி இழுபடுகிற சத்தம். பிறகு மூச்சே இல்லை. எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. கஜன் கத்தினான்: "டேய் குரங்கு, இனி அந்தப் பிள்ளையாரே போன் எடுத்தாலும் நம்பமாட்டன்!"

இரண்டு ஓட்டை

வாய் நிறையப் பிட்டோடு திரும்பி வருகிறேன். வாசலுக்கு முதுகைக் காட்டியபடி கஜன் நிற்கிறான். கையில் போன், ஸ்பீக்கரில்.

"தம்பி, பின்னுக்கு ஒரே மாதிரி ரெண்டு ஓட்டை கிடக்கு. நீர் டீவி வயரை மேல்ஓட்டையில செருகியிருப்பீர். அது மதர்போர்ட்டின்ர. கீழ இருக்கிறதுதான் கிராபிக்ஸ் கார்ட். அதில செருகும், விளங்குதோ?"

"விளங்குது குரங்கே! உன்ட யாழ்ப்பாணத்தக் கொண்டுபோய் வாவியில போடு!"

"தம்பி, ஏன் கோவிக்கிறீர்?"

"இன்னும் நடிக்கிறான் பாரன்!"

நாடகத்துக்கு நேரமாகிறது என்று மாமி டீவியைத் தூக்க வந்து வயரைப் பிடுங்கிவிட்டார். 'அது நானில்லை' என்று கத்தப் பார்த்தேன். பிட்டு விடவில்லை. ஊர்க் குரல் எல்லாம் வருகிற வாயில் அந்த நேரம் என் குரலே வரவில்லை. மாமி என்ன நினைத்தாரோ, "ஆர் சொன்னா என்ன" என்று வயரைக் கீழ்ஓட்டையில் செருகினார்.

டீவி பளிச்சென்றது.

"வந்திட்டுதடா குரங்கே!" என்று போனுக்குள் கத்திக்கொண்டு கஜன் திரும்பினான். என் உப்பிய வாயைப் பார்த்தான். கையிலிருந்த போனைப் பார்த்தான். போன் கேட்டது, "தம்பி, லைனில நிக்கிறீரோ?"

கஜன் என்னிடம் மெல்லக் கேட்டான்: "அப்ப... இது ஆருடா?"

ஆகமொத்தம், எங்கள் பெட்டியில் கடைசியாக வேலைசெய்யத் தொடங்கிய பழைய சாமான் கஜனின் மூளைதான்.