மருமகன் பாத்திரம்

என் அண்ணன் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறான். வருகிறவர்களின் மூக்கில் கனத்த சட்டம் ஒன்றை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இல்ல முன்னாடி போட்டதா?" என்று நாள் முழுக்கக் கேட்பான். வீட்டுக்கு வந்துவிட்டால் அவன் ஒரு சிறுகதைப் பத்திரிகையின் ஆசிரியர். பருவத்துக்கு ஓர் இதழ். படிக்கிறவர்களைவிட எழுதி அனுப்புகிறவர்கள் அதிகம் என்று நான் கிண்டல் செய்தால் சுள்ளென்று கோபம் வரும். இதழை அச்சுக்கு அடுக்கிப் பக்கம் கட்டுவது நான் என்பதால், அவனும் அண்ணியும் சோறு மட்டும் போட்டுவிடுவார்கள்.

இலையுதிர்கால இதழ்தான் அவனுக்கு உயிர். பொழுது சீக்கிரம் இருட்டி, மழையும் பிடித்துக்கொண்டால் ஜனங்கள் வேறு வழியில்லாமல் எதையாவது படிப்பார்கள் என்பது அவன் கணக்கு. வருகிற கதைகளையெல்லாம் நான் தட்டச்சு செய்து, எழுதியவர் பெயரை நீக்கிவிட வேண்டும். வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சே வரக் கூடாதாம். தீர்ப்பு சொல்லும்வரை பெயரை நான் மூச்சுவிடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படிப்பான். கேட்கிறவர்கள் நானும் அண்ணியும். மேஜையின் மறுகோடியில் அண்ணி அவனுடைய சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பாள்.

நல்ல கதையைச் சாதாரணக் குரலில் படிப்பான். பிடிக்காத கதையை நடித்துக் காட்டுவான். மூக்கால் பேசுவான், விக்குவான், செய்தி வாசிப்பான். அண்ணி சிரிப்புத் தாங்காமல் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். அவளைச் சிரிக்க வைப்பதற்காகவே அவன் சில கதைகளைப் படிக்கிறானோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

இந்த வருஷம் அண்ணி என்னை மாடிப்படியில் நிறுத்தி, மடித்த தாள்களைக் கையில் திணித்தாள்.

"உங்க அண்ணனுக்குத் தெரிய வேணாம். யாரோ எழுதினதுன்னு நெனச்சுப் படிக்கட்டும்" என்றாள். "நல்லா இல்லைன்னா இல்லைதான். நல்லா இருக்குன்னு சொன்னா, அதை எனக்காகச் சொல்லியிருக்கக் கூடாது."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, படியிலேயே உட்கார்ந்து படித்தேன். போன வருஷம் இதே இலை உதிரும் நாட்களில் அண்ணியின் அப்பா ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். கதை அதுதான். இறந்தவரின் பல்செட்டை ஒரு சின்ன டப்பாவில் போட்டு மகளிடம் கொடுத்துவிடுகிறார்கள். அதை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அப்பா வைத்திருந்த மாதிரியே ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிப் போட்டு, தினமும் தண்ணீர் மாற்றுகிறாள். உடனே இன்னொரு தடவை படித்தேன். அவனும் இதைச் சாதாரணக் குரலில்தான் படிப்பான் என்று நம்பினேன்.

அந்த ஞாயிறு நல்ல மழை. வாசல் சாக்கடையை அடைத்திருந்த இலைகளையெல்லாம் அள்ளிப் போட்டுவிட்டு, ஏதோ சாதித்த குஷியில் அண்ணன் வந்து உட்கார்ந்தான். அதுதான் வினையாகப் போயிற்று. முதல் பத்தியை ஒழுங்காகப் படித்தான். அண்ணியின் கை மெதுவாக நகர்ந்தது. அடுத்த பத்தியில் பல்செட் வந்தது. வந்ததும் அவன் இரண்டு உதடுகளையும் உள்ளே மடித்துக்கொண்டு, பொக்கை வாயால் படிக்க ஆரம்பித்துவிட்டான்.

நான் இருமினேன். மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தேன். நான் சிரிப்பை அடக்குகிறேன் என்று நினைத்து, அந்த மனுஷன் இன்னும் பலமாகக் கொழகொழத்தான். சட்டம் அவன் போட்டது, அண்ணிக்கு வாக்குக் கொடுத்தது நான். திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல உட்கார்ந்திருந்தேன். அண்ணியும் சிரித்தாள். வழக்கமாகச் சிரிக்கிற இடம் என்பதால் சிரித்துவைத்தாள்.

கதையில் மகளின் புருஷன் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிறான். அவள் கையிலிருக்கும் டப்பாவைப் பார்த்து, "இனிமே அது எதுக்கு? போட்டுட்டு வா, வண்டி நிக்குது" என்கிறான். இந்த வரியை அண்ணன் வில்லன் குரலில் படித்தான். பிறகு தாள்களை மேஜையில் போட்டான்.

"இதுதான் எனக்குப் புடிக்காது. ஒருத்தனைக் கெட்டவனாக் காட்டணும்னா இப்படியா? மாமனார் செத்த அன்னைக்கு எவனாவது இப்படிப் பேசுவானா? இந்த மருமகன் பாத்திரம் சுத்தப் பொய். தள்ளு இதை."

அண்ணி காலரைத் திருப்பிப் போட்டாள். "பேசுவாங்க" என்றாள்.

"எவன் பேசுவான்?"

"குடையை உதறிக்கிட்டே பேசுனீங்க."

குரலை உயர்த்தவில்லை. இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள், தேய்த்த சட்டைகளை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பது பழமொழி. சத்தமாகப் படித்துக் கெட்டவனை அன்றுதான் பார்த்தேன்.

"உனக்குத் தெரியுமா?" என்றான் என்னிடம்.

"பேரைச் சொல்லக் கூடாதுன்னு நீதானே சட்டம் போட்டே."

அந்த வாரம் முழுக்க அவன் வீட்டுக்குள் திருடன் மாதிரி நடந்தான். தன் சட்டையைத் தானே தேய்த்து, முதுகில் கோணல் மடிப்போடு கடைக்குப் போனான். அண்ணி பேசாமல் இல்லை. டீ வேணுமா, கதவு பூட்டியாச்சா என்று கேட்டாள். அது அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒருநாள் கடைவாசலில் என்னிடம், "அந்தக் குடை ஞாபகம் இருக்கு. டப்பா ஞாபகமே இல்ல. அவ கையில என்ன இருந்துச்சுன்னுகூட நான் பார்க்கல. நெனச்சா கூசுது" என்றான்.

அன்று சாயங்காலமே அண்ணியிடம் போய் நின்றான். "இதழ்ல முதல் கதையாப் போடறேன்."

"கதை நல்லா இருக்குன்னா, இல்ல வெட்கத்துலயா?"

அவன் முதுகுப் பக்கம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"பார்த்தீங்களா? இப்ப உங்களால சொல்ல முடியாது. நீங்க சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். நான் ஆசைப்பட்டது அது ஒண்ணுக்குத்தான், அதைக் கெடுத்துட்டீங்க." அண்ணி தாள்களை எடுத்து அவனிடம் நீட்டினாள். "மத்தவங்க கதையை எப்படித் திருத்துவீங்களோ அப்படித் திருத்துங்க. தயவு தாட்சண்யம் வேணாம். அப்புறம் பார்க்கலாம்."

மறு ஞாயிறு அவன் சத்தம் போட்டுப் படிக்கவில்லை. பென்சிலோடு உட்கார்ந்து மனசுக்குள் படித்தான். அவன் திருத்தித் தரத்தர நான் பக்கம் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வாக்கியத்தை இரண்டாக வெட்டினான். ஓர் உவமையை எடுத்தான். பொக்கை வாயால் படித்த பத்தியில் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை. கடைசிப் பக்கத்தில் பென்சில் நின்றுவிட்டது.

எட்டிப் பார்த்தேன். அன்று அவன் படித்து முடிக்காத பகுதி அது. எல்லோரும் வண்டியில் ஏறிய பிறகு, அந்த மருமகன் யாருக்கும் தெரியாமல் சுவரோரம் போய், முகத்தை மூடிக்கொண்டு அழுகிறான். ஒரே ஒரு வரி. அது இருந்தால் படிக்கிறவர்கள் அவனை மன்னித்துவிடுவார்கள். விட்டுவைப்பது எவ்வளவு சுலபம்! அண்ணன் அதையே வெறித்துக்கொண்டிருந்தான். பிறகு அந்த வரியின் குறுக்கே கோடு இழுத்தான்.

அண்ணி வந்து பார்த்தாள். "இதை ஏன் அடிச்சீங்க?"

"அவன் அழல" என்றான். "கதையிலேயே இது ஒண்ணுதான் பொய்."

"தெரியும்" என்றாள் அண்ணி. "நீங்க படிக்கும்போது உங்களுக்குச் சங்கடமா இருக்கக் கூடாதேன்னு சேர்த்தேன்."