அத்தை வீட்டு நிலை

எங்கள் அத்தை தலை பின்னிவிட்டால் லேசில் அவிழாது. வீட்டில் உட்கார்ந்து சிவகாசிக் கம்பெனிக்குத் தீப்பெட்டி ஒட்டுகிற விரல்கள். நகக்கண்ணில் காய்ந்திருக்கும் பசை மண்டையைக் கீறும்போது நான் கத்துவேன். "அசையாதட்டி" என்று முதுகில் ஒன்று வைப்பாள்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. தாயில்லாத பிள்ளையாக அப்பாவை வளர்த்தது அவள்தான். பஞ்சாயத்து பிரசிடெண்டு என்று ஊரே எழுந்து நிற்கிற மனிதரை "ஏலே" என்று கூப்பிடும் உரிமை அவளுக்கு மட்டும் இருந்தது.

எங்கள் ஊர் சாத்தூரிலிருந்து இருக்கன்குடிக்குப் போகிற வழியில், ஆற்றை ஒட்டி இருந்தது. வருஷத்தில் பெரும்பாகம் வெறும் மணலாகக் கிடக்கிற ஆறு. அதை நம்பி, கரைவரைக்கும் மண்சுவர் வீடுகள். ஓர் ஐப்பசியில் ஆறு ஊருக்குள் வந்தது. சுவர்கள் கரைந்து உட்கார்ந்தன. எங்கள் வீடு எப்படியோ தப்பியது. அத்தை வீடு போயிற்று. அவள் பக்கத்து வீட்டில் ஒரு கைப்பிள்ளை சுவருக்கு அடியில் சிக்கி இறந்தது. அதை வெளியே எடுத்தவர் அப்பா.

பிறகு பஞ்சாயத்தில் ஒரு சட்டம் போட்டார். இனி யார் வீடு கட்டினாலும், வெள்ளம் ஏறிய மட்டத்துக்கு மேலே கல்லால் பேஸ்மட்டம் எழுப்பி, அதற்கு மேல்தான் சுவர் வைக்க வேண்டும். ஊர் தலையாட்டியது. தலையாட்டுவதற்குக் கல் தேவையில்லையே.

முதலில் கட்டத் தொடங்கியது அத்தைதான். கல் லோடு பாதியில் நின்றுபோனது. நல்ல நாள் தவறிவிடக் கூடாதென்று, வந்த கல்லோடு பேஸ்மட்டத்தை முடித்து வாசல் நிலையை வைத்துவிட்டாள். நிலைக்கு மஞ்சள் பூசிப் பூச்சுற்றி, அதன் வழியாக முதலில் என்னைத்தான் நடக்கவிட்டாள்.

அப்பா வந்து பார்த்தார். பேஸ்மட்டம் அவர் முழங்காலுக்குக்கூட வரவில்லை. அக்காவுக்கு விட்டுக்கொடுத்தால் நமக்கும் கல் மிச்சம் என்று தெருவே கூடி நின்றது.

"பிரிச்சுட்டு ஒசத்திக் கட்டணும்க்கா."

"நிலை வச்ச வீட்டையா பிரிக்கச் சொல்லுதே?"

"நிலையப் பாத்துட்டுத் தண்ணி திரும்பிப் போகாதுக்கா."

கொத்தனார் கரண்டியைக் கீழே போட்டார். "வச்ச நிலையப் பேக்க நம்மால ஆகாதுங்க. வேற ஆளப் பாருங்க."

வேறு ஆளும் முன்வரவில்லை. அப்பா வேட்டியை மடித்துக் கட்டி, தானே கடப்பாரையை எடுத்து நிலையைப் பெயர்த்தார். அத்தை கத்தவில்லை. "இனி எனக்குத் தம்பி இல்ல" என்று மட்டும் சொன்னாள்.

உயர்த்தித்தான் கட்டினாள். பால் காய்ச்சியபோது எங்களைக் கூப்பிடவில்லை. அதன்பின் எழும்பிய வீடுகளெல்லாம் அதே உயரத்தில் எழும்பின. அக்கா வீட்டையே பிரித்தவரிடம் யார் போய் வாதாடுவது?

எனக்கு அம்மா தலை பின்னினாள். வலிக்கவே இல்லை. பள்ளிக்கூடம் போய்ச் சேருவதற்குள் அவிழ்ந்தும்விடும். கிணற்றடியில் அத்தையைப் பார்ப்பேன். அவள் என் தலையைப் பார்ப்பாள். கை லேசாக உயரும். பிறகு குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். அவள் வாசலில் தீப்பெட்டிகள் வெயிலில் காயும்போது எதிர்ப்புறம் போய் நிற்பேன். அந்தப் பசை வாடைக்கே என் மண்டை அந்தக் கீறலுக்கு ஏங்கும். இன்றும் எங்காவது பசை காய்ச்சினால் அப்படித்தான்.

அப்பா அவள் பேச்சை எடுப்பதே இல்லை. ஆனால் பஞ்சாயத்து ஆபீசுக்கு நேர்வழி இருந்தும், அவள் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போவார்.

சில வருஷம் கழித்து ஆறு மறுபடி வந்தது, பட்டப்பகலில். இந்தமுறை முதலில் விழுந்தது பிரசிடெண்டு வீட்டுச் சுவர். சட்டத்துக்கு முந்திய மண்சுவர் அல்லவா! என்னைத் தோளில் ஏற்றி, அம்மாவின் கையைப் பிடித்தபடி, தொடையளவுத் தண்ணீரில் அப்பா நடந்துபோய் நின்ற இடம் அத்தை வீடு.

என்னை மேல்படியில் இறக்கினார். அத்தை என்னை வாரி உள்ளே இழுத்தாள்; அம்மாவையும் கைகொடுத்து ஏற்றினாள். அப்பா திரும்பினார்.

"அவரையும் ஏறி வரச் சொல்லு" என்றாள் அத்தை, என் முகத்தைப் பார்த்து.

"அங்கன இன்னும் ஆளுக இருக்காக" என்றார் அப்பா, அவரும் என் முகத்தைப் பார்த்தே.

பொழுது சாயும்வரை கிழவர்களையும் பிள்ளைகளையும் சுமந்து வந்து அந்தப் படிகளில் இறக்கிக்கொண்டே இருந்தார். ஓர் உயிர்கூடப் போகவில்லை. தண்ணீர் வடியத் தொடங்கியதும் வந்து கீழ்ப்படியில் உட்கார்ந்தார். உடம்பு வெடவெடத்தது. அத்தை இறங்கிப்போய் முந்தானையால் அவர் தலையைத் துவட்டினாள், முரட்டுத்தனமாக.

"சாப்பிட்டியாலே?"

அப்பா அவள் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார்.

"அப்பாவுக்கு அம்புட்டுப் பசியா?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"ஆமாட்டி" என்றாள் அம்மா.

நான் நம்பிவிட்டேன். உள்ளே ஓடி, ஒரு கும்பாக் கஞ்சியைத் தளும்பத் தளும்பக் கொண்டுவந்து நீட்டினேன். அதை இருவருமே பார்க்கவில்லை.