மூக்கோரம் திறந்த மூன்றாவது கண்

மகளின் நிச்சயதார்த்தத்தில் என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். நான் பேசியது ஒரே வரிதான்: "எல்லாரும் சாப்பிடுங்க."

மோதிரம் இன்னும் மாற்றியிருக்கவில்லை. தாம்பூலத் தட்டு மாப்பிள்ளையின் அம்மா கையிலேயே இருந்தது. ஆனால் பெண்ணின் அப்பாவே சொல்லிவிட்டாரே என்று பாதி மண்டபம் எழுந்து பிரியாணிக்கு வரிசையில் நின்றுவிட்டது. மோதிரம் மாற்றலாம் என்று பார்த்தால் மாப்பிள்ளையைக் காணவில்லை. அவரும் வரிசையில் நின்றார், கையில் தட்டோடு.

மறுநாள் காலை மகள் என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அப்பா, கல்யாண டின்னர்ல நீங்க பேசணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். கொஞ்சம் பேசுனா போதும். ஆனா சாப்பாட்டப் பத்தி இல்ல."

நான் மலேசியாவில், கிள்ளான் பக்கம் மேருவில், ஒரு தொழிற்சாலையில் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிறேன். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். போர்க்லிப்டில் ஒரு வசதி, பக்கத்தில் உட்கார இடம் இல்லை. யாரும் பேச்சுக் கொடுக்க முடியாது. ஹாரன் அடித்தால் போதும், விலகிப் போய்விடுவார்கள். அப்படி ஹாரனிலேயே வாழ்க்கையை ஓட்டியவன் மைக் பிடித்துப் பேச வேண்டும் என்றால் எங்கே போவது?

என் மனைவியின் தம்பிதான் வழி சொன்னான். பிரிக்பீல்ட்ஸில், மசாலாத் தூள் விற்கும் கடைக்கு மேல்மாடியில், ஒரு மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் மனச்சக்தி வகுப்பு நடத்துகிறாராம். மூன்றாவது கண்ணைத் திறந்துவிடுவாராம்.

"அது தெறந்துருச்சுன்னா பயம், கூச்சம் எல்லாம் காணாமப் போயிரும் மச்சான். கண்ணக் கட்டிக்கிட்டே பேப்பர் படிக்கலாம்லா!"

என் மனைவி வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "இவரு கண்ணத் தெறந்து வச்சுக்கிட்டே உப்பு டப்பாவக் காணோம்பாரு. இதுல மூணாவது வேறயா?"

எனக்கும் இதில் நம்பிக்கை இல்லைதான். ஆனால் வர மாட்டேன் என்று சொல்வதற்கும் வாயைத் திறக்க வேண்டுமே. காரில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

மாடி முழுக்க மல்லித்தூள் வாசனை. தும்மிக்கொண்டே தியானம் செய்தோம். வெள்ளை ஜிப்பா போட்ட மாஸ்டர், ஒவ்வொருவராக எழுந்து தங்களைப் பற்றிச் சொல்லச் சொன்னார். என் முறை வந்தபோது கழிவறை எங்கே என்று கேட்டேன். அதுவே என்னைப் பற்றி நான் சொன்னது.

பிறகு எல்லாருக்கும் கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டினார்கள். மடியில் ஒரு வண்ண அட்டையை வைத்துவிட்டு, "மூக்கு நுனியில கவனம் வைங்க. கலர் தானா வரும்" என்றார் மாஸ்டர்.

எங்கள் குடும்பத்து மூக்கைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் வம்சத்தில் யார் வந்தாலும் மூக்கு முதலில் வரும், ஆள் பின்னால் வருவார். அதன்மேல் கட்டிய துணி கூடாரம்போல் தூக்கிக்கொண்டு நின்றது. இரண்டு பக்கமும் நல்ல இடைவெளி. கீழே பார்த்தால் என் வயிறு, என் மடி, மடியில் சிவப்பு அட்டை.

எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும்போல என்று நினைத்துச் சொன்னேன்: "சிவப்பு."

அடுத்த அட்டை வந்தது. "பச்சை." அடுத்தது. "மஞ்சள். மூலையில கிழிஞ்சிருக்கு."

யாரோ ஓர் ஆன்டி "முருகா!" என்றார். பக்கத்தில் சப்பை மூக்குள்ள லோரிக்கார அங்கிள் ஒருவர். பாவம், அவருக்குத் துணி முகத்தோடு ஒட்டிக்கொண்டது.

"எனக்குக் கறுப்பாத்தான் தெரியுது மாஸ்டர்."

"கறுப்பும் ஒரு கலர்தான் அங்கிள். விடாதீங்க."

திரும்பும் வழியில், பெட்டாலிங் ஜெயா நெரிசலில் கார் நகராமல் நின்றபோது, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மைத்துனனிடம் உண்மையைச் சொன்னேன். "டேய், எனக்கு மூக்கு வழியாத் தெரியுதுடா."

அவன் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கைகூப்பினான். "அதான் மச்சான்! மாஸ்டர் என்ன சொன்னாரு? மூக்கு நுனியில கவனம் வைங்கன்னாருல்ல?"

"இல்லடா, ஓட்டை இருக்கு."

"ஆமா மச்சான், அதத்தான் தெறப்புன்னு சொல்றாங்க!"

அடுத்தடுத்த வாரங்களில் நான் வகுப்பின் தலைமை மாணவன் ஆகிவிட்டேன். புதிதாக வந்தவர்கள் என் காலைத் தொட்டார்கள். ஒருநாள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எங்கள் அடுக்குமாடியின் கீழே நின்று, இரண்டு லிப்டில் எது முதலில் வரும் என்று கண்ணை மூடி மனத்தில் பார்த்தேன். இடது பக்கம் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. இரண்டுமே கெட்டுப்போயிருந்தன. படியேறிப் போனேன்.

பிறகு மாஸ்டர் அந்த இடியை இறக்கினார். கிள்ளானில் ஒரு மண்டபத்தில் பொதுமக்கள் முன்னிலையில் நிகழ்ச்சியாம். மேடையில் நான்தானாம். மகளின் டின்னருக்குச் சில வாரங்களே இருந்தன.

"நல்லதுதானே மச்சான், பிராக்டிஸ் ஆச்சு" என்றான் மைத்துனன்.

அன்று என் மனைவியும் வந்தாள். முன்வரிசையில், கைப்பையை மடியில் வைத்து, பரீட்சை வைக்க வந்தவள்போல் உட்கார்ந்திருந்தாள். என் கால் மேடையில் தந்தியடித்தது. கண்ணைக் கட்டியதும் மாஸ்டர் மைக்கில் கேட்டார்: "சந்தேகம் உள்ளவங்க யாராச்சும் வந்து துணியச் சோதிக்கலாம்."

கட்டின் அடியில் எனக்குத் தெரிந்த செருப்பு ஒன்று மேடையேறி வந்தது.

"இந்த மூக்கு எனக்குத் தெரியாதா?" என்று காதருகே முணுமுணுத்தாள் என் மனைவி. டிஷு பாக்கெட்டைப் பிரிக்கும் சத்தம். மூக்கின் இரண்டு பக்கமும் டிஷுவைச் சுருட்டித் திணித்தாள். சன்னல் சாத்தியதுபோல் உலகம் இருண்டது.

மாஸ்டர் என் கையில் அட்டையைக் கொடுத்தார். "சொல்லுங்க, என்ன கலர்?"

"ஒண்ணும் தெரியல மாஸ்டர்."

"கவனமாப் பாருங்க."

"எப்படி மாஸ்டர் பாக்கறது? வழிய அடைச்சுட்டாங்களே!"

மண்டபம் சிரித்தது. அப்போதுதான் ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. கால் நடுங்கவில்லை. நாக்கு ஒட்டவில்லை. ஒரு முகம்கூடத் தெரியாததால், எதிரே யாருமே இல்லாததுபோல் இருந்தது. மைக்கை இன்னும் கிட்டே இழுத்து, என் மூக்கைப் பற்றி, கூடாரத்தைப் பற்றி, லோரிக்கார அங்கிளுக்கு ஏன் கறுப்பாகவே தெரிகிறது என்பதைப் பற்றி எல்லாம் விளக்கிக்கொண்டே போனேன். மக்கள் கைதட்டினார்கள். கட்டை அவிழ்த்ததும் அத்தனை முகங்களையும் பார்த்து, மேடையின் பின்பக்கமாக ஓடிவிட்டேன்.

மாஸ்டர் சமாளித்துவிட்டார். "முன்வரிசையில யாரோ ஒருத்தர்கிட்ட நெகட்டிவ் சக்தி ஜாஸ்தி" என்றாராம். "அது என்னமோ உண்மைதான்" என்று தன் அக்காவைப் பார்த்துச் சொன்ன மைத்துனனுக்கு, அதன்பின் எங்கள் வீட்டில் மீன்குழம்பு கிடைக்கவில்லை.

கல்யாண டின்னர் வந்தது. அறிவிப்பாளர் என் பெயரைச் சொன்னார். மைக் கைக்கு வந்தது. மேசை மேசையாக முகங்கள். மாப்பிள்ளையின் அம்மா இந்த முறை தட்டு எதையும் கையில் வைத்துக்கொள்ளவில்லை. மகள் பக்கத்தில் நின்று என்னையே பார்த்தாள். தொண்டையில் 'சாப்பிடுங்க' வந்து நின்றுவிட்டது. அது ஒன்றுதான் வந்தது.

கண்ணைக் கட்டத் துணி இல்லை. இமைகளைப் பாதிக்குமேல் இறக்கி, மூக்கு வழியே கீழே பார்த்தேன். முகங்கள் போய்விட்டன. சேலைக் கரையும் மகளின் கால்களும் மட்டும் மிஞ்சின. உயரமான செருப்பு. ஒரு காலை அதிலிருந்து மெல்ல உருவி வெளியே வைத்திருந்தாள்.

"செருப்பு கடிக்குதாம்மா?" என்று கேட்டேன். மைக்கில்தான் கேட்டேன்.

அவள் சிரித்துவிட்டாள். அந்தக் காலைப் பார்த்தே பேசினேன். சின்ன வயதில் இவள் செருப்பை எப்போதும் இடம் வலம் மாற்றித்தான் போடுவாள், சரிசெய்யக் குனிந்தால் என் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், ஒரு வயதுக்குப் பிறகு மாற்றிப் போடுவதை நிறுத்திவிட்டாள், எனக்குக் குனிய வேலை இல்லாமல் போனது என்றேன். "மாப்பிள்ள, இனிமே செருப்பு கடிச்சா நீங்கதான் குனியணும்" என்றேன். அந்தக் கால்விரல்கள் மடங்கி விரிந்ததைப் பார்த்தேன். வந்தவர்களுக்கு நன்றி சொன்னேன். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

கண்ணைத் திறந்தபோது மகள் அழுதுகொண்டே சிரித்தாள். என் மனைவி டிஷு பாக்கெட்டைத் தேடிக்கொண்டிருந்தாள், இந்த முறை தனக்காக.

"பாத்தீங்களா!" என்று நாற்காலியில் ஏறி நின்றான் மைத்துனன். "கண்ண மூடிக்கிட்டே செருப்பு கடிக்கிறதச் சொல்றாரு! சேலைக்குள்ள இருக்கிற செருப்பு! யாரோட ஸ்டூடண்ட்?"

சாப்பாட்டின்போது மாப்பிள்ளை வீட்டு உறவினர் ஒருவர் என் நாற்காலியருகே வந்து குனிந்தார்.

"அண்ணே, அப்ப ஏதாச்சும் நம்பர் தெரிஞ்சுச்சா? நாளைக்கு நாலு நம்பர் லாட்டரி குலுக்கல் இருக்கு."

"ஐயோ, நம்பர்லாம் ஒண்ணும் தெரியாதுங்க. செருப்பு மட்டுந்தான் தெரிஞ்சுது."

அவர் முகம் மலர்ந்தது. என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு நேராக மேடைக்குப் போனார். படம் எடுக்க நின்ற மகளிடம் அவர் ஏதோ கேட்பதும், அவள் விழிப்பதும், பிறகு சொல்வதும் தெரிந்தது. இறங்கி வரும்போது தன் மனைவியிடம் உரக்கச் சொல்லிக்கொண்டே போனார்:

"இந்தக் காலு செருப்பு சைஸு முப்பத்தெட்டு, அந்தக் காலு முப்பத்தெட்டு. நாலு நம்பர் சரியா வந்துருச்சு, பாத்தியா!"